பணம் வாங்காத மருத்துவர்கள்: ஃப்ளாரன்ஸ் புனித மாற்கு பீடப்படம் – ஒரு நிகழ்வு ஆய்வு

வாஷிங்டனில் ஒன்று, டப்ளினில் ஒன்று, பாரிஸில் ஒன்று, மியூனிக்கில் நான்கு, ஃப்ளாரன்ஸில் இரண்டு. ஃப்ளாரன்ஸின் புனித மாற்கு ஆலயத்தில் ஒரே பீடத்தின் மேல், பீடப்படத்தின் அடிவரிசையாக இருந்த ஒன்பது சிறிய ஓவியங்கள் இன்று இப்படிச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுக்கு மேலே நின்ற பெரிய ஓவியம் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் அதைக் காஸ்டிக் சோடாவால் கழுவி, மேற்பூச்சை அழித்துவிட்டார்கள்.

வரைந்தவர் ஃப்ரா ஜொவான்னி, அதாவது சகோதரர் ஜொவான்னி, என்ற 15ஆம் நூற்றாண்டுத் துறவி. இறந்த பிறகு 'தேவதூதரை ஒத்த ஓவியர்' என்று பெயர் பெற்று, ஃப்ரா ஆஞ்சலிக்கோ என்று உலகம் அறிந்தவர். இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இவருடைய பக்தியைப் பற்றியே எழுதுகிறார்கள். அதற்கு வித்திட்டவர், இத்தாலியக் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை 16ஆம் நூற்றாண்டில் எழுதிய வசாரி. செபம் சொல்லாமல் தூரிகையைத் தொடமாட்டார், சிலுவைக் காட்சி வரைந்தபோதெல்லாம் கன்னத்தில் கண்ணீர் வழியும், வரைந்ததைத் திருத்தவே மாட்டார் என்றெல்லாம் அவர் எழுதினார். துறவி இறந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்டவை அவை. அந்தக் கண்ணீரை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பக்தியை மட்டும் வைத்துக்கொண்டு புனித மாற்கு பீடப்படத்தின் முன்னால் நின்றால் அதில் பாதி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அதை உருவாக்கியதிலும், அதற்குள் சொல்லப்பட்ட கதையிலும், அது சிதறியதிலும் பணம் இருக்கிறது. பணத்தைப் பெறுவது, மறுப்பது, கொடுத்துவிடுவது என்ற மூன்றையும் பற்றி இந்தத் துறவி ஆழமாகச் சிந்தித்திருக்கிறார் என்பது என் துணிபு.

கூலி வாங்கிய கைதான்

இவருடைய இயற்பெயர் கிதோ. தந்தை பெயர் பியெத்ரோ. ஃப்ளாரன்ஸுக்கு வடக்கே முஜெல்லோ பள்ளத்தாக்கில், விக்கியோ ஊரின் அருகே பிறந்தவர். 1407இலேயே மடத்தில் சேர்ந்துவிட்டார் என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் கிடைத்த ஓர் ஆவணம் அந்த நம்பிக்கையைப் புரட்டிப் போட்டது. 1417 அக்டோபரில் இவர் இல்லறத்தாருக்கான ஒரு பக்த சபையில் உறுப்பினராகச் சேர்ந்திருக்கிறார். பதிவேட்டில் 'ஓவியர் கிதோ' என்றே இருக்கிறது. 1418இல் ஒரு பீடப்படத்துக்குக் கூலி பெற்றிருக்கிறார். 1423இல் ஒரு சிலுவைப் படத்துக்கான கணக்கில்தான் முதன்முதலாக 'ஃபியெசோலே புனித தொமினிக் இல்லத்தின் சகோதரர் ஜொவான்னி' வருகிறார். ஃபியெசோலே ஃப்ளாரன்ஸை ஒட்டிய ஊர்; இல்லம் என்பது துறவியர் மடம்.

இந்தச் சில ஆண்டு வித்தியாசம் சிறியதல்ல. மடத்தில் வளர்ந்த ஒரு துறவி ஓய்வு நேரத்தில் தூரிகை பிடித்தார் என்பது ஒரு கதை. தொழில் கற்று, பட்டறை வேலை செய்து, கூலி வாங்கிப் பழகிய ஒருவர் இனி அந்தக் கூலி தனக்கில்லை என்று முடிவு செய்தார் என்பது முற்றிலும் வேறு கதை. இரண்டாவதுதான் நடந்தது. தொமினிக்கன் சபை இரந்து வாழும் சபை. அதன் உறுப்பினருக்குச் சொந்தச் சொத்து கிடையாது. அவர் வரைந்த படத்துக்கு வந்த பணம் இல்லத்துக்குப் போனது. உடன்பிறந்தவர் பெனெதெத்தோவும் அதே இல்லத்தில் துறவியாகி, பாடற்குழுவின் பெரிய ஏடுகளைப் படியெடுத்து எழுதினார்.

1433இல் ஃப்ளாரன்ஸின் லினன் துணி வணிகர் சங்கம் தங்கள் மாளிகைக்கு ஒரு பெரிய மரியன்னை மாடம் கேட்டது. பளிங்குச் சட்டத்துக்கு வடிவம் கொடுத்தவர் சிற்பி கிபெர்த்தி. உள்ளும் புறமும் கிடைப்பதிலேயே சிறந்த தங்கமும் நீலமும் வெள்ளியும் பயன்படுத்த வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. விலை 190 புளோரின், அதாவது ஃப்ளாரன்ஸின் தங்க நாணயம்; அல்லது அவருடைய மனசாட்சிக்கு எது சரியோ அந்த அளவுக்குக் குறைவாக. வணிகர்கள் எழுதிய ஒப்பந்தம் இது. முழம் போட்டு வாழ்ந்தவர்கள் ஓர் ஓவியரின் மனசாட்சியை விலை நிர்ணயிக்கும் இடத்தில் வைத்திருக்கிறார்கள். வசாரியின் கண்ணீரைவிட இந்த ஒரு வரி எனக்கு அவரைப் பற்றி அதிகம் சொல்கிறது.

வங்கியாளரின் பாரம்

கோசிமோ தே மெதிச்சி ஃப்ளாரன்ஸின் பெரிய வங்கியாளர். வட்டி வாங்குவது பாவம் என்று திருச்சபை போதித்த காலம் அது. அந்தக் குடும்பத்தின் செல்வமோ கடன் கொடுக்கல் வாங்கலில் திரண்டது. 1433இல் நகரம் அவரை நாடு கடத்தியது. மறு ஆண்டே திரும்பி வந்தார். அவரை நன்கு அறிந்திருந்த புத்தக வணிகர் வெஸ்பசியானோ ஒரு செய்தியைப் பதிந்திருக்கிறார். நேர்வழியில் வராத பணம் தன் மனத்தில் பாரமாக இருப்பதாகக் கோசிமோ திருத்தந்தை நான்காம் யூஜினிடம் சொன்னாராம். புனித மாற்கு இல்லத்துக்கு 10,000 புளோரின் செலவிடச் சொன்னாராம் திருத்தந்தை. கோசிமோ அதைவிடப் பன்மடங்கு செலவிட்டார்.

1436இல் புனித மாற்கு இல்லம் வேறொரு சபையிடமிருந்து ஃபியெசோலே தொமினிக்கன் துறவியர் கைக்கு மாறியது. இடிந்து கிடந்த கட்டடத்தைக் கட்டடக் கலைஞர் மிக்கெலோட்ஸோ புதுப்பித்தார். பழைய பீடப்படத்தைக் கழற்றி, 1440இல் கொர்த்தோனா ஊரில் இருந்த தொமினிக்கன் ஆலயத்துக்கு அன்பளிப்பாக அனுப்பினார்கள். புதிய படத்துக்குப் போட்டி இல்லாமல் இல்லை. 1438 ஏப்ரலில் தொமெனிக்கோ வெனெட்ஸியானோ என்ற ஓவியர் கோசிமோவின் மகன் பியெரோவுக்குக் கடிதம் எழுதினார். உங்கள் தந்தை ஒரு பீடப்படம் வரையச் சொல்லப்போகிறார் என்று கேள்விப்பட்டேன், இன்னொரு துறவி ஓவியரான ஃப்ரா பிலிப்போவுக்கும் ஃப்ரா ஜொவான்னிக்கும் கையில் வேலை நிறைய இருக்கிறது, எனக்குக் கொடுங்கள் என்பது அதன் சாரம். வேலை ஃப்ரா ஜொவான்னிக்கே கிடைத்தது. 1443 ஜனவரி 6, மூன்று அரசர் திருநாளன்று, திருத்தந்தை முன்னிலையில் ஆலயம் நேர்ந்தளிக்கப்பட்டது.

பீடத்தின் பாதுகாவலராக மாற்குவோடு கோஸ்மாஸ், தமியான் என்ற இரட்டையரும் சேர்க்கப்பட்டார்கள். 'மெதிச்சி' என்றால் மருத்துவர்கள் என்று பொருள். மருத்துவப் புனிதர்களான இந்த இருவரும் அந்தக் குடும்பத்தின் பாதுகாவலர்கள். கோசிமோவின் பெயரே கோஸ்மாஸிலிருந்து வந்தது. இந்த அளவுக்கு எல்லாரும் சொல்வார்கள். நான் நிறுத்திப் பார்க்க விரும்பும் இடம் வேறு. கிழக்குத் திருச்சபை இந்த இருவரையும் ஒரு தனிப் பட்டத்தால் அழைக்கிறது: 'வெள்ளிக்காசு வாங்காதவர்கள்'. நோயாளியிடம் ஒரு காசும் பெறாமல் குணமாக்கியவர்கள் அவர்கள். வட்டிப் பணத்தின் பாரத்தை இறக்கிவைக்க வந்த வங்கியாளருக்குப் பாதுகாவலர்கள், பணத்தைத் தொடாத மருத்துவர்கள். அவர்களை வரைந்தவரோ கூலியைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாத துறவி. இந்த மூன்றும் ஒரே பலகையில் சந்தித்தன.

பலகையும் முட்டையும் தங்க ரேக்கும்

பின்னால் வந்த சேதத்தைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்துப் பீடப்படம் எப்படி உருவானது என்று தெரிந்திருக்க வேண்டும். பாப்லார் மரப் பலகைகளைச் சேர்த்து இழைத்து, தோல் பசை தடவுவார்கள். மேலே ஜிப்சமும் பசையும் கலந்த ஜெஸ்ஸோ என்ற வெள்ளைப் பூச்சு அடுக்கடுக்காக ஏறும். காய்ந்ததும் சுரண்டிச் சுரண்டி யானைத் தந்தம் போல வழவழப்பாக்குவார்கள். தங்கம் வரவேண்டிய இடத்தில் செங்களிமண் பூசி, ஈரம் தடவி, மூச்சுக் காற்றுக்கே பறக்கும் தங்க ரேக்கை ஒட்டி, வழவழப்பான கல்லாலோ விலங்கின் பல்லாலோ தேய்த்து மினுக்குவார்கள்.

நிறத்தைக் குழைப்பது முட்டையின் மஞ்சள் கருவில். மரியன்னையின் மேலாடைக்கான நீலம், ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலையில் வெட்டிய லாபிஸ் கல்லை அரைத்து எடுத்தது. முட்டைக் கலவை தூரிகையை எடுப்பதற்குள் காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணம் போல இழைத்துக் கலக்க முடியாது. ஆகவே மயிரிழைக் கோடுகளை அருகருகே இட்டுத்தான் நிழலையும் வெளிச்சத்தையும் உண்டாக்க வேண்டும். முகத்துக்கு முதலில் பச்சை மண் நிறம்; அதன் மேல் வெள்ளையும் இளஞ்சிவப்பும் கோடு கோடாக. வரைந்ததைத் திருத்தமாட்டார் என்று வசாரி வியந்ததற்குப் பின்னால் இந்தத் தொழில் ஒழுங்கும் இருக்கிறது. வேலை தொடங்குவதற்கு முன்பே முழுப் படமும் மனத்தில் முடிந்திருக்க வேண்டும்.

பீடத்தின் மேல் நின்ற படம்

நடுப்பலகை ஏறக்குறைய 2.2 மீட்டர் சதுரம். அதுவரை ஃப்ளாரன்ஸில் பீடப்படம் என்றால் கூரிய வளைவுகளால் பிரிக்கப்பட்ட தனித்தனி அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரு புனிதர், தனியாக. இங்கே அந்தத் தடுப்புகள் இல்லை. ஒரே வெளியில் மரியன்னை குழந்தை இயேசுவுடன் அரியணையில் வீற்றிருக்க, வானதூதரும் புனிதரும் சுற்றிலும் நிற்கிறார்கள். லாரன்ஸ், நற்செய்தியாளர் யோவான், மாற்கு ஒரு பக்கம். தொமினிக், பிரான்சிஸ், மறைசாட்சி பேதுரு மறுபக்கம். பின்னால் மரங்கள் அடர்ந்த தோட்டம். இரு பக்கமும் திரை விலக்கிக் கட்டப்பட்டிருக்கிறது. தரையில் விரித்த கீழைநாட்டுக் கம்பளத்தின் கோடுகள் நம் கண்ணை அரியணைக்கு இழுத்துப் போகின்றன. தூரத்தைக் கணக்கிட்டு வரையும் முறையை அல்பெர்த்தி என்ற அறிஞர் எழுத்தில் வகுத்தது 1435இல். மடத்துக்குள் இருந்த இந்தத் துறவி அதைச் சில ஆண்டுகளிலேயே கையாண்டுவிட்டார்.

கம்பளத்தின் மேல் கோஸ்மாஸும் தமியானும் மண்டியிட்டிருக்கிறார்கள். தமியான் நமக்கு முதுகைக் காட்டி மரியன்னையைப் பார்க்கிறார். கோஸ்மாஸ் முகத்தைத் திருப்பி ஆலயத்தில் இருப்பவர்களைப் பார்க்கிறார். உங்களுக்காகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது போன்ற பார்வை. அதில் வேதனையும் இருக்கிறது.

அவர்களுக்கு முன்னால், பலகையின் கீழ் விளிம்பில், படத்துக்குள் ஒரு படம்: சிறிய சிலுவைக் காட்சி. அதற்கு நேர் கீழே அடிவரிசையின் நடு ஓவியம், இன்று மியூனிக்கில் இருப்பது. கல்லறை வாயிலில் இறந்த கிறிஸ்துவைப் படுக்கவைக்காமல் நிமிர்த்திப் பிடித்திருக்கிறார்கள். கைகள் இரு பக்கமும் விரிந்திருக்கின்றன. மரியாவும் யோவானும் அந்தக் கைகளைப் பற்றியிருக்கிறார்கள். முன்னால் தரையில் ஒரு வெள்ளைத் துணி விரிந்து கிடக்கிறது.

இதை அருங்காட்சியகச் சுவரில் தனியாகப் பார்த்தால் அழகான, சற்று விசித்திரமான ஓர் அடக்கக் காட்சி. பீடத்தில் வைத்துப் பாருங்கள். அக்காலத்தில் குருவானவர் மக்களுக்கு முதுகு காட்டி, பீடத்தை நோக்கி நின்றே திருப்பலி நிறைவேற்றினார். பீடத்தின் மேலும் வெள்ளைத் துணி விரித்திருக்கும். 'இது என் உடல்' என்று சொல்லி அவர் அப்பத்தை உயர்த்தும்போது, அது அந்த நிமிர்ந்த உடலுக்கு முன்னால் எழும்பும். மேலே சிலுவை, அதற்கும் மேலே குழந்தை. பிறப்பு, இறப்பு, அப்பம் மூன்றும் ஒரே செங்குத்துக் கோட்டில். அந்தக் கோட்டின் கடைசிப் புள்ளி ஓவியத்தில் இல்லை, குருவின் கையில் இருந்தது. நாள்தோறும் அந்தப் பீடத்தில் நடந்த திருப்பலியில்தான் படம் முழுமையடைந்தது. தானும் ஒரு குருவாக இருந்ததால், நிற்கும் இடத்திலிருந்து என்ன தெரியும் என்று ஃப்ரா ஜொவான்னிக்கு நன்றாகத் தெரியும்.

பல்லாதியாவின் அன்பளிப்பு

அடிவரிசையின் மற்ற எட்டு ஓவியங்களும் இரட்டையரின் வரலாறு. ஒவ்வொன்றும் 37 செ.மீ. உயரம், 46 செ.மீ. அகலம் அளவில் இருக்கும். 13ஆம் நூற்றாண்டில் இன்னொரு தொமினிக்கன் துறவி தொகுத்த புனிதர் வரலாறுகளில் இந்தக் கதை இருக்கிறது; சபையில் எல்லாருக்கும் பழக்கமான கதை.

பல்லாதியா என்ற பெண் நெடுநாள் நோயாளி. கைப்பொருள் முழுவதையும் மருத்துவர்களிடம் இழந்தவர். இரட்டையர் அவரைக் குணமாக்குகிறார்கள். நன்றியோடு அவர் தமியானிடம் ஒரு சிறு அன்பளிப்பை நீட்டுகிறார். தமியான் மறுக்கிறார். கடவுள் பெயரால் பல்லாதியா கெஞ்ச, ஆசைக்காக அல்ல, அவர் மனம் நோகக்கூடாது என்பதற்காகத் தமியான் வாங்கிக்கொள்கிறார். இதை அறிந்த கோஸ்மாஸ் கொதித்துப்போகிறார். தன் உடலைத் தமியானின் உடலோடு சேர்த்துப் புதைக்கக்கூடாது என்று சொல்லிவிடுகிறார். அன்றிரவே ஆண்டவர் தோன்றித் தம்பி மேல் குற்றமில்லை என்று விளக்குகிறார்; ஆனால் சொன்ன சொல் மக்கள் மனத்தில் நின்றுவிடுகிறது.

கோசிமோவின் பணத்தில் வரையப்பட்ட பீடப்படத்தில், வரிசையின் தொடக்கமாக ஃப்ரா ஜொவான்னி வைத்தது இந்தக் காட்சியை. ஒரு பக்கம் அறைக்குள் நோயாளியின் படுக்கை. மறுபக்கம் வாசலில் தமியானின் கைக்கு மாறும் அந்தச் சிறு பொருள். இரக்கத்துக்காகப் பெற்ற அன்பளிப்பும் பாவமா? இரந்து வாழும் ஓர் இல்லம், வங்கியாளர் ஒருவரின் செல்வத்தைக் கட்டடமாகப் பெற்றுக்கொண்ட நேரத்தில், அந்த இல்லத்து ஓவியர் பீடத்தடியில் வைத்த கேள்வி அது என்றே நான் படிக்கிறேன். குற்றம் சாட்டும் குரலில் அல்ல. தமியானின் முகத்தில் வெட்கம் இல்லை.

பின்பு ஆட்சியாளன் லிசியாஸின் விசாரணை, கடலில் எறியப்பட்டும் தூதர் காப்பது, தீ திரும்பிச் சித்திரவதையாளரைச் சுடுவது, சிலுவையில் கட்டிக் கல்லாலும் அம்பாலும் தாக்குவது. பாரிஸில் இருக்கும் தலைவெட்டும் காட்சியில் சைப்ரஸ் மரங்கள் அசையாமல் நிற்க, புல்வெளியில் உருண்ட தலைகளைச் சுற்றி இன்னும் ஒளிவட்டம் இருக்கிறது. கடைசிக் காட்சியில், இறந்த பிறகும் இருவரும் வந்து, யுஸ்தினியான் என்பவரின் அழுகிய காலை அகற்றி, இறந்த எத்தியோப்பியர் ஒருவரின் காலைப் பொருத்துகிறார்கள். வெள்ளை உடம்பில் ஒரு கறுப்புக் கால். நோயாளி தூங்கிக்கொண்டிருக்கிறார். இதற்கும் அவர்கள் ஒன்றும் வாங்கவில்லை.

மற்ற ஆண்டுகள்

இதே காலத்தில் மாடியில் துறவியரின் சிற்றறைகளிலும் இவரும் உதவியாளரும் சுவரோவியங்கள் வரைந்தார்கள். பீடப்படத்தின் தங்கமும் ஆடம்பரமும் அங்கே இல்லை. படியேறியதும் எதிர்ப்படும் மங்கள வார்த்தைக் காட்சியின் (வானதூதர் மரியாவுக்குச் செய்தி சொல்லும் காட்சியின்) கீழே, இவ்வழி போகும்போது 'அருள் நிறைந்த மரியே' சொல்ல மறவாதே என்று எழுதியிருக்கிறது.

பிறகு திருத்தந்தை யூஜின் அவரை ரோமுக்கு அழைத்தார். அடுத்து வந்த ஐந்தாம் நிக்கோலாஸின் சிற்றாலயத்தில் ஸ்தேவான், லாரன்ஸ் இருவரின் வரலாற்றை வரைந்தார். திருச்சபையின் செல்வத்தை லாரன்ஸ் ஏழைகளுக்குப் பங்கிடும் காட்சியில் கண் தெரியாதவரும் கால் முடங்கியவரும் சூழ்ந்து நிற்கிறார்கள். பணம் யாருக்குரியது என்ற கேள்விக்கு அவர் வரைந்த மிகத் தெளிவான பதில் அது. 1450இல் ஃபியெசோலே இல்லத் தலைவரானார். 1455 பிப்ரவரி 18இல் ரோமில் இறந்தார். சாந்தா மரியா சோப்ரா மினெர்வா ஆலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அதில் உள்ள கவிதை, தான் பண்டைய கிரேக்க ஓவியர் அப்பெல்லெஸைப் போன்ற இன்னொருவர் என்பதற்காகத் தன்னைப் புகழ வேண்டாம், தன் ஆதாயம் அனைத்தையும் கிறிஸ்துவின் மக்களுக்குக் கொடுத்ததற்காக நினைத்தால் போதும் என்று அவர் குரலில் பேசுகிறது. 1982இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு முத்திப்பேறு பட்டத்தை உறுதிசெய்தார்.

சிதறல்

17ஆம் நூற்றாண்டில் பீடத்தை அக்காலச் சுவைக்கு ஏற்ப மாற்றிக் கட்டினார்கள். பழைய படம் கழற்றப்பட்டது. நெப்போலியன் காலத்தில் மடங்கள் மூடப்பட, இத்தாலியப் பீடப்படங்கள் சந்தைக்குப் பெருகி வந்தன. பெரிய பலகையை விற்பது கடினம். சிறிய பலகைகளைச் சுவரில் மாட்ட எவரும் வாங்குவார்கள். பல பீடப்படங்களின் அடிவரிசைகள் இப்படித்தான் உடைந்தன.

நடுப்பலகைக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. காரம் முட்டைக் கலவையைக் கரைக்கும். அதில் முதலில் போவது கடைசியாக இட்ட மயிரிழைக் கோடுகள். முகத்துக்கு உயிர் தருவதும் அவைதான். இன்று அந்தப் பலகையில் அமைப்பு முழுமையாக நிற்கிறது, தோல் தேய்ந்திருக்கிறது. அண்மைச் சீரமைப்பு அதன் ஒளியைப் பெருமளவு மீட்டிருக்கிறது. போன கோடு போனதுதான்.

பீடப்படச் சட்டத்தின் பக்கத் தூண்களில் இருந்த எட்டுச் சிறு புனிதர் பலகைகளில் இரண்டு எங்கே போயின என்றே தெரியாமல் இருந்தது. 2006இல் ஆக்ஸ்போர்டில் ஒரு வீட்டில் கிடைத்தன. சொற்ப விலைக்கு வாங்கி மாட்டியிருந்த அவை 2007இல் 17 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போயின. 2025 செப்டம்பரில் ஃப்ளாரன்ஸில் தொடங்கிய பெரும் கண்காட்சி, பல நாடுகளிலிருந்து துண்டுகளை இரவல் பெற்று, பீடப்படத்தின் பெரும்பகுதியைச் சில மாதங்களுக்கு ஒன்றுசேர்த்துக் காட்டியது. பிறகு அவரவர் துண்டு அவரவர் ஊருக்கு.

ஃப்ளாரன்ஸிலேயே தங்கிவிட்ட இரண்டில் ஒன்று, இரட்டையரின் அடக்கக் காட்சி. கோஸ்மாஸின் பழைய சொல்லை நினைத்து, இருவரையும் ஒரே குழியில் வைப்பதா என்று மக்கள் தயங்கி நிற்கிறார்கள். அப்போது ஓர் ஒட்டகம் மனிதக் குரலில் பேசுகிறது. ஃப்ரா ஜொவான்னி அந்தச் சொற்களை அதன் வாயிலிருந்து புறப்படும் எழுத்துகளாகவே வரைந்துவிட்டார்: அவர்களைக் கல்லறையில் பிரிக்காதீர்கள், புண்ணியத்தில் அவர்கள் பிரிந்தவர்கள் அல்லர். இந்த ஒட்டகம் யாருக்காக, எதற்காகப் பேசுகிறது என்பதைச் சொல்லும் பல்லாதியாவின் வாசலும் தமியானின் நீட்டிய கையும் வாஷிங்டனில் இருக்கின்றன.